முல்லைக்கொடியும் முடக்க ஆணையும்

தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவருடைய பணத்தையும் பொருளையும் அவர் தொட முடியாதபடி கட்டிப்போடுவது நியாயமா என்னும் கேள்வி சட்டப் புத்தகத்துக்குள் மட்டும் அடங்கிவிடுவதன்று. குற்றம் சாட்டுவது எளிது, அதை நிறுவ ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பொருளைக் கட்டாமல் விட்டால் வழக்கில் வென்றவர் கையில் தீர்ப்பின் நகல் மட்டுமே மிஞ்சலாம், கட்டிவைத்தாலோ நாளை கடன்படாதவர் என்று தெரியவரப் போகும் ஒருவர் இன்றே தண்டனைக்கு நிகரான ஒன்றை அனுபவித்துவிடுகிறார். மூல வழக்கு ஒரு நாட்டில் நடக்க, அதற்குத் துணையாக இன்னொரு நாட்டின் நீதிமன்றம் தன் எல்லைக்குள் உள்ள சொத்தை முடக்கும்போது இந்தக் கேள்வி இரட்டிப்பாகிறது. தான் விசாரிக்காத, விசாரிக்கவும் போகாத ஒரு வழக்குக்காக ஒரு மன்றம் ஒருவரைக் கட்டலாமா என்று அப்போது கேட்க வேண்டியிருக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வி இரண்டு விதமாக உயிரோடு இருக்கிறது: அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஒப்பந்தங்களில் ஒரு விதமாகவும், ஆவடிக்கு அருகிலுள்ள திருமுல்லைவாயில் கோயிலோடும் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரின் காவியத்தோடும் பிணைந்த சைவ நினைவில் இன்னொரு விதமாகவும்.

முடக்க ஆணை என்பது, வழக்கு முடியும்வரை பிரதிவாதி தன் சொத்தை விற்கவோ வெளியே கடத்தவோ கூடாது என்று நீதிமன்றம் அவருக்கு இடும் கட்டளை. அது சொத்தின் உரிமையை மாற்றுவதில்லை, கேட்டவருக்கு அச்சொத்தின்மீது அடமானம் போன்ற எந்தப் பிடியையும் தருவதில்லை, ஆளைத்தான் கட்டுகிறது. இங்கிலாந்தில் இதற்கு நெடுங்காலம் ‘மரேவா ஆணை’ என்றே பெயர் வழங்கியது. 1975-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு உள்ளிட்டோர் விசாரித்த அந்த வழக்கின் பின்னணியில் இந்தியா இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மரேவா என்னும் கப்பலை வாடகைக்கு எடுத்த நிறுவனம், இந்தியாவுக்கு உரம் கொண்டுவருவதற்காக அதை இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரில் உள்வாடகைக்கு விட்டது. இந்தியத் தூதரகம் சரக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியான 1,74,000 பவுண்டை லண்டன் வங்கி ஒன்றில் அந்நிறுவனத்தின் கணக்கில் செலுத்திவிட்டது. நிறுவனமோ கப்பல் உரிமையாளருக்குத் தர வேண்டிய மூன்றாம் தவணை வாடகையைத் தராமல் நின்றுகொண்டது. கடன் இன்னும் தீர்ப்பாகாத நிலையில் கடனாளி என்று சொல்லப்படுபவரின் பணத்தை நிறுத்திவைக்க முடியாது என்று 1890 முதல் ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லிவந்த விதி அந்த வங்கிக் கணக்கின் முன் வளைந்தது.

ஆனால் மூல வழக்கு அயல்நாட்டில் நடந்தால் என்ன செய்வது என்பதில் அதே மன்றங்கள் உடனே தயங்கின. சிஸ்கினா என்னும் கப்பல் மூழ்கியபின், அதற்கான காப்பீட்டுப் பணம் லண்டனில் வரவிருந்தபோது, சரக்கை இழந்தவர்கள் அதை முடக்கக் கேட்டார்கள். அவர்களுடைய மூல வழக்கை இங்கிலாந்தில் நடத்த இயலாது என்பதால், முடக்க ஆணை தனித்து நிற்கக்கூடிய உரிமையன்று என்று 1977-இல் பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது. பிறகு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அயல்நாட்டு வழக்குகளுக்குத் துணை செய்ய வழிதிறந்தது; முதலில் ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும் இருந்த அந்த வழி 1997-இல் எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. 2021 அக்டோபரில், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்த மேல்முறையீட்டில், பிரிவி கவுன்சிலின் பெரும்பான்மை சிஸ்கினாவின் விதியையே கைவிட்டது. எங்கே வழக்கு நடந்தாலும், நாளை நிறைவேற்றப்பட வேண்டிய தீர்ப்பு ஒன்று வரக்கூடும் என்றால் அதற்குத் தேவையான சொத்தைக் காப்பது மன்றத்தின் வேலைதான் என்று லெக்கட் பிரபு எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் மட்டும் 1999-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எதிர்த்திசையில் சென்று, சாதாரணப் பணக் கடனுக்காகத் தீர்ப்புக்கு முன் சொத்தை முடக்கும் அதிகாரம் தன் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இல்லை என்றது.

இந்தியாவின் நிலை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் ஆணை 5-ஆம் விதி, பிரதிவாதி சொத்தை மறைக்கவோ அகற்றவோ முயல்கிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன்பே பற்றுகை செய்ய இடம் தருகிறது. பேச்சுவழக்கில் ஜப்தி என்று சொல்லப்படுவதன் முன்கூட்டிய வடிவம் இது. ஆனால் அந்த வழக்கு அதே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றும் குறுக்குவழியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2008-இல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. இறுதித் தீர்வைத் தர இயலாத மன்றம் இடைக்காலத் தீர்வையும் தர இயலாது என்பது இந்திய நீதிமன்றங்களில் பழகிப்போன நிலைப்பாடு. ஆகவே லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கும் சாதாரண வழக்குக்காகச் சென்னையில் முடக்க ஆணை பெறுவது கடினம். பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற பரஸ்பர நாடுகளின் தீர்ப்பு வந்தபின் அதை 44ஏ பிரிவின்படி இங்கே நிறைவேற்றலாம், அமெரிக்கத் தீர்ப்புக்கு அந்த வசதியும் கிடையாது. விலக்கு ஒன்று உண்டு. வணிகர்கள் தாங்களே ஒப்புக்கொண்ட நடுவரிடம் தகராறைக் கொண்டுசெல்லும் இசைவுத் தீர்ப்பு முறையில், நடுவர் மன்றம் வெளிநாட்டில் அமர்ந்திருந்தாலும் இந்திய நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தரலாம் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. குற்றவியல் பக்கத்தில் 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் ஒப்பந்த நாடுகளின் கோரிக்கையின்பேரில் சொத்தை முடக்க வழிசெய்கிறது. அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது என்பதால் இங்கே தனியாக விரித்துப் பேச வேண்டியதில்லை.

1964 முதல் இயங்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அதன் எந்திரங்களும் வங்கி இருப்பும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வரம்புக்குள் வந்துவிடுகின்றன. மனு அம்பத்தூர் மன்றத்துக்கோ பூந்தமல்லி மன்றத்துக்கோ போகாது; பன்னாட்டு வணிக இசைவுத் தீர்ப்பு என்பதால் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆணை வந்த நாளில் அடிபடுவது அந்த நிறுவனம் மட்டுமன்று. அதற்காக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறைகளும், அங்கே வாரக் கூலிக்கு நிற்பவர்களும், சிங்கப்பூர் வழக்கில் எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாதவர்கள். இவர்களுக்காகவே, அன்றாடத் தொழில் செலவு, கூலி, வாழ்க்கைச் செலவு, வழக்குச் செலவு ஆகியவற்றை முடக்கத்திலிருந்து விலக்கிவைக்கும் வழக்கம் ஆங்கில ஆணைகளில் நிலைபெற்றது. இந்த விலக்கை வெறும் கருணை என்று எண்ணுவது பிழை. ஆணைக்கு நியாயம் இருக்கிறது என்று சொல்ல முடிவதே இந்த விலக்கினால்தான்.

இப்படித் தடுப்பதும் விலக்கிவைப்பதும் புதிய கண்டுபிடிப்பு அன்று. நாரத ஸ்மிருதி, வழக்கு விசாரணைக்கு வருமுன் எதிராளியைத் தடுத்து நிறுத்தும் முறையை ஆசேதம் என்ற பெயரில் பேசுகிறது; இடத்தால், காலத்தால், பயணத்தால், செயலால் என்று அதை நான்காகப் பிரிக்கிறது. ஓர் ஊரை விட்டுப் போகாதே என்பதும், ஒரு செயலைச் செய்யாதே என்பதும் அதில் அடங்கும் என்பதால், இன்றைய முடக்க ஆணையின் உறவினர் என்றே அதைச் சொல்லலாம். அந்நூல் தடுக்கக் கூடாதவர்களையும் சொல்கிறது: நோயாளி, வேள்விக்கு முனைந்தவர், இடரில் இருப்பவர், மாடு மேய்ப்பவர், பயிர்க்காலத்து உழவர், வேலையில் இருக்கும் கைவினைஞர், போரில் நிற்கும் வீரர் என்று நீளும் வரிசையின் தலையிலேயே திருமணம் செய்யப் போகிறவர் நிற்கிறார். தடையை மீறியவர் தண்டிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் அதே நூல், தடுக்கக் கூடாதவரைத் தடுத்தவரும் அரசனால் தண்டிக்கப்பட வேண்டும் என்கிறது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய புராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் படித்தால், சிவபெருமான் செய்தது முறைகேடு என்றே முதலில் தோன்றும். புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளுக்கும் நம்பியாரூரருக்கும் திருமணம் நடக்கவிருக்கும் பந்தலில் அவர் முதிய வேதியர் வடிவில் நுழைந்து, தமக்கும் மணமகனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்தபின்தான் மணம் என்று நிறுத்துகிறார். மணமகன் தமக்கு அடிமை என்பது அவர் வழக்கு. சான்று, பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை. நாரதரின் பட்டியலில் முதலில் நிற்பவரையே தடுக்கிறார். ஆனால் திருமண வீட்டில் நடக்கும் இந்தக் காட்சியைச் சட்டம் அறிந்தவர் கண்ணோடு எழுதியிருக்கிறார் சேக்கிழார். அநபாய சோழனின் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் அவருக்கு மன்றங்களின் நடைமுறை தெரியாமல் இருந்திருக்க முடியாது. முதியவர் தடுத்ததும், உண்மையிலேயே ஒரு வழக்கு இருக்குமானால் அதை முடிக்காமல் மணம் செய்வதில்லை என்று மணமகனே வாக்குக் கொடுக்கிறார். தமக்கு இருந்த விலக்கை அவர் தாமே விட்டுக்கொடுத்துவிட்டதால், தடை வெளியிலிருந்து விழுந்த விலங்காக இல்லாமல் அவர் ஏற்ற உறுதிமொழியாகிறது. இன்றைய நீதிமன்றங்களிலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, சொத்தை விற்க மாட்டோம் என்று உறுதி தந்தால், ஆணை இடுவதற்கு மாறாக அந்த உறுதியைப் பதிவு செய்துகொள்வதே பெருவழக்கு.

அடுத்து நடப்பது இன்னும் நுட்பமானது. ஓலையை வாங்கிக் கிழித்தெறிகிறார் நம்பியாரூரர். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். புத்தூர்க் கூட்டம் அடிமையா இல்லையா என்று தீர்மானிக்க முற்படவில்லை. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே உள்ளவர்கள் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஓலையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள். திருமணம் நின்றது ஓர் ஊரில், விசாரணை வேறோர் ஊரில். நிறுத்திய இடத்தில் தீர்ப்பு இல்லை, தீர்ப்பளித்த இடத்துக்கு அந்தத் திருமணத்தில் வேலையில்லை. அயல் மன்றத்துக்குத் துணையாகத் தடுத்து நிறுத்துவது என்பதன் முழு அமைப்பும் இதில் இருக்கிறது. புத்தூர் செய்தது சரியென்றால், அதற்குக் காரணம் முதியவரின் வழக்கு உண்மையானது என்பதன்று, ஏனெனில் அந்த நேரத்தில் புத்தூருக்கு அது தெரியாது. மணம் முடிந்துவிட்டால் வெண்ணெய்நல்லூரின் தீர்ப்பு பொருளற்றுப் போய்விடும் என்பதும், நிறுத்திவைப்பதால் எந்தத் தரப்பும் இறுதியாக வென்றுவிடுவதில்லை என்பதும்தான் காரணம்.

அப்படி ஒன்றும் இழப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பந்தலில் மணமகள் இருக்கிறாள். அவள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. அவளை எந்த அவையும் அழைக்கவில்லை. வாக்கு கொடுத்தவர் அவளைக் கேட்டுக் கொடுக்கவில்லை. சேக்கிழார் அவளை மறந்துவிடாமல், நம்பியாரூரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்று சொல்லி முடிக்கிறார். காவியத்துக்கு அது போதும். நீதிக்கு அது போதாது. அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு வீடுபேற்றைக் காட்டிச் சமாதானம் சொல்லவும் முடியாது.

சுந்தரர் என்று அறியப்படும் இதே நம்பியாரூரரின் வாழ்க்கையில் இரண்டாவது தடை ஒன்று வருகிறது. அது மேற்குப் புறநகரைத் தொட்டுப் போகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, அவரைப் பிரிந்து ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டியிருந்தது. கருவறையில் சூளுரைக்கும் நேரத்தில் இறைவன் அங்கே இராமல் மகிழ மரத்தடியில் இருக்குமாறு சுந்தரர் முன்னதாகவே வேண்டிக்கொள்கிறார். இறைவனோ மகிழ மரத்தடியிலேயே சூள் வாங்கச் சொல்லிச் சங்கிலியார் பக்கத்துக்குக் கனவில் குறிப்புக் கொடுத்துவிடுகிறார். சொத்தைப் பெயர் மாற்றி, நிறுவனத்துக்குள் நிறுவனம் வைத்து, ஆணை விழும் இடத்தில் பொருள் இல்லாதபடி ஏற்பாடு செய்யும் இன்றைய சாமர்த்தியத்துக்கு இதைவிடத் தேர்ந்த முன்னோடியைக் காட்டுவது கடினம். பின்னர் திருவாரூர் வசந்த விழாவை நினைந்து எல்லையைத் தாண்டிய கணத்தில் அவர் கண்ணொளி போகிறது. அந்நிலையில் அவர் வந்து பாடிய தலங்களில் ஒன்று திருமுல்லைவாயில். பார்வை அங்கே திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். சூள் ஆளைக் கட்டியது. ஆள் எங்கே போனாலும் கட்டும் கூடவே போயிற்று, நிவாரணம் மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. உலகளாவிய முடக்க ஆணையிலும் இப்படித்தான்: பிரதிவாதியை அது எங்கும் கட்டும், ஆனால் அயல்நாட்டு வங்கியை, அந்த நாட்டின் மன்றம் ஏற்றுக்கொள்ளும்வரை கட்டாது என்று 1980-களின் இறுதியில் பபனாஃப்ட் வழக்கில் ஆங்கில மன்றம் வரையறுத்தது.

திருமுல்லைவாயில் பதிகத்திலேயே சுந்தரர் வேறொரு தடையையும் நினைவுகூர்கிறார்: தொண்டைமானின் யானையை முல்லைக்கொடியால் இறைவன் கட்டியது. குறும்பர்களோடு போருக்குச் செல்லும் வழியில் யானையின் கால் கொடியில் சிக்க, அரசன் வாளால் கொடியை வெட்ட, அடியில் மறைந்திருந்த இலிங்கத்தில் வெட்டு விழுந்து குருதி வந்தது என்பது தலவரலாறு. அங்கே மூலவர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருப்பதற்கு இந்தக் காயமே காரணமாகச் சொல்லப்படுகிறது. கட்டியவர் இறைவன், கட்டுப்பட்டவன் அரசன், காயமோ கட்டியவருக்கு. தடுத்து நிறுத்துகிறவர் அந்தத் தடையின் வலியில் தமக்குரிய பங்கை ஏற்றாக வேண்டும் என்னும் கருத்து இதைவிடக் கூர்மையாக வேறெங்கும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

சைவ சித்தாந்தம் இத்தகைய தடைகளை விளக்க ஒரு வழி வைத்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் மறைத்தல் என்பது உயிர் பக்குவப்படும்வரை உண்மையை அதற்குத் தோன்றாமல் நிறுத்திவைக்கும் ஆற்றல். திரோதானம் எனப்படும் இது உயிரைப் பிணிக்கும் மலங்களோடு கூடி வேலை செய்வதால் மலம் என்றே உபசாரமாக எண்ணப்பட்டாலும், உள்ளபடி அருளே என்பார்கள். சுந்தரரைத் தடுத்தது இந்த வகை அருள் என்பதில் சைவருக்கு ஐயமில்லை. ஆனால் இந்த விளக்கத்தை நீதிமன்ற ஆணைக்குப் போர்த்துவது தவறு. திரோதானம் கட்டுண்ட உயிரின் நன்மைக்காகவே கட்டுகிறது. முடக்க ஆணையோ இன்னொருவரின் நன்மைக்காகக் கட்டுகிறது. இறைவனுக்கு மூல ஓலை எங்கே இருக்கிறது என்று தெரியும். நீதிபதி ஒரு தரப்பின் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் படித்துவிட்டு, பலமுறை எதிர்த்தரப்பு அறியாமலேயே, ஆணையிடுகிறார். எல்லாம் அறிந்தவரே அவையின் முன் ஓலையைக் காட்ட ஒப்புக்கொண்டார் என்றால், அறியாதவர்களுக்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பதைத்தான் அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டும்.

தெய்வமே வழக்காளியாகவும் முடக்கப்பட்ட பொருளாகவும் நின்ற வழக்கும் தமிழ்நாட்டுக்கு உண்டு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், விசுவநாத சுவாமி கோயிலுக்குரிய சோழர் கால நடராசர் திருமேனி 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறி, கனடாவின் பம்பர் நிறுவனத்திடம் 1982-இல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றி வைத்தது. யாருடையது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத ஒன்பது ஆண்டுக் காலம் நடராசர் காவலில் இருந்தார். இந்தியச் சட்டத்தில் கோயிலும் மூர்த்தியும் சட்ட ஆளுமை உடையவை, அதாவது மனிதரைப் போலவே சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்காடவும் உரிமை பெற்றவை. ஆங்கிலச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆயினும் பிற நாட்டின் சட்ட ஒழுங்குக்குக் காட்ட வேண்டிய மதிப்பை முன்னிட்டு, தமிழ்நாட்டில் வழக்காளியாக ஏற்கப்படும் கோயிலைத் தாங்களும் ஏற்பதாக 1991-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. திருமேனி அதே ஆண்டில் திரும்பியது. கைப்பற்றி வைத்திராவிட்டால் அது யாருடைய வரவேற்பறைக்குப் போயிருக்குமோ. தன் சட்டத்துக்குள் இல்லாத ஓர் ஆளின் உரிமைக்காகவும் ஒரு மன்றம் பொருளைக் காத்துநிற்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான முன்னுதாரணம் தேவையில்லை.

ஆகவே அயல் மன்றத்துக்காகத் தடுப்பது தன்னளவில் அநியாயமன்று. யார் செலவில் தடுப்பது என்பதில்தான் இந்தியச் சட்டம் பலவீனமாக இருக்கிறது. ஆங்கில நடைமுறையில் முடக்க ஆணை கேட்பவர், ஆணை தவறு என்று பின்னர் தெரிந்தால் எதிராளிக்கும், சில வேளைகளில் மூன்றாம் நபர்களுக்கும், இழப்பை ஈடுசெய்வதாக மன்றத்திடம் உறுதி தந்தாக வேண்டும். இந்திய நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, போதிய காரணமின்றிப் பெறப்பட்ட பற்றுகைக்கோ தடைக்கோ அதே மன்றம் வழங்கக்கூடிய ஈட்டை 50,000 ரூபாய்க்கு மேல் போகாதபடி கட்டியிருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் தனி வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான். ஒரு தொழிற்சாலையின் ஒரு வார மின்கட்டணத்துக்கே அந்தத் தொகை போதாமல் போகலாம். இசைவுத் தீர்ப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மன்றம் நிபந்தனை விதிக்கலாம், ஆனால் விதித்தாக வேண்டும் என்பதில்லை. அந்தப் பிரிவின்கீழ் ஆணையிடும்போது 38-ஆம் ஆணையின் கடுமையான தேவைகள் எவ்வளவு பொருந்தும் என்பதில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகள், எஸ்ஸார் ஹவுஸ் வழக்கிலும் சங்கி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், ஒன்றுக்கொன்று இசையாத பதில்களைத் தந்தன. கேட்பவர் வெளிநாட்டில் இருந்து, இந்தியாவில் ஒரு சதுர அடி நிலம்கூட இல்லாதவராக இருந்தால், அவர் வாய்மொழியாகத் தரும் உறுதியை அம்பத்தூரில் இருந்துகொண்டு யாரும் வசூலிக்க முடியாது. ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன், எதிராளிக்கு மட்டுமன்றி அவரை நம்பியுள்ள பட்டறைகளுக்கும் ஏற்படக்கூடிய இழப்பைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு இந்திய வங்கி ஒன்றின் உத்தரவாதத்தை உயர் நீதிமன்றப் பதிவகத்தில் வைக்கச் சொல்வதும், விலக்குச் செலவுகளை ஆணையிலேயே பெயர் சொல்லி எழுதுவதும், எதிராளியைக் கேட்பதற்கான தேதியை ஆணையோடு சேர்த்தே குறிப்பதும் சட்டத்தைத் திருத்தாமலேயே நீதிபதிகள் இன்றைக்குச் செய்யக்கூடியவை.